கையறிவு யாருடைய உடைமை?

பாடசாலைத் தமிழ் மன்றங்களில் ஆண்டுதோறும் தவறாது இடம்பெறும் விவாதத் தலைப்பு ஒன்றுண்டு: விஞ்ஞானம் மனிதனுக்கு ஆக்கமா, அழிவா? ஒரு சாரார் அணுகுண்டைக் காட்டுவர். மறு சாரார் அம்மைப்பாலைக் காட்டுவர். மணி அடித்ததும் நடுவர் இரு தரப்பாரையும் பாராட்டிவிட்டு அமர்வார். அந்த நடுவர் ஆசனத்தில் நாமும் பலமுறை இருந்திருக்கிறோம். அவ்வினா இத்தனை காலமும் தீராதிருப்பதற்குக் காரணம் அதன் கடினம் அன்று. அது அமைக்கப்பட்ட முறையே பிழையானது. இயந்திரம் என்று பொதுவாக ஒன்று உலகில் இல்லை. ஒருவன் செய்த இயந்திரம், ஒருவன் வாங்கிய இயந்திரம், ஒருவனை வேலையினின்றும் நீக்கிய இயந்திரம் என்றுதான் உள்ளன. ஆதலின் ஒரு குறிப்பிட்ட பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்வதே நன்று. நாம் எடுத்துக்கொள்வது, மாத்தளை மாவட்டத்துச் சிறு இரும்புப் பட்டறையொன்றில் அங்கு உழைப்போர் தாமே செய்துகொண்ட, தகடு வெட்டும் பிளாஸ்மா மேசை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியின் ஓரமாக அமைந்தது அப்பட்டறை. வாயிற் கதவுகள், யன்னற் கம்பிகள், நீர்த்தாங்கிகளைத் தூக்கி நிறுத்தும் கால்கள், மிளகும் கராம்பும் உலர்த்தும் தட்டுகள் ஆகியன அங்கு செய்யப்படுகின்றன. உரிமையாளர் நீங்கலாக மூவர் வேலை செய்தனர். ஒருவர் அறுபது வயதை அண்மிய சிங்களத் தொழிலாளி. எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்றே அழைப்பர். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. எசமானன் என்பது அதன் மூலப்பொருள். நம் நாட்டில் அது நாட்கூலி பெறும் கைவினைஞனைக் குறிக்கலாயிற்று என்பது மொழியியலார் மட்டுமன்றிப் பொருளியலாரும் சிந்திக்கத்தக்கது. இரண்டாமவன் எடுபிடி வேலை செய்த ஓர் இளைஞன். மூன்றாமவன் நம்மிடம் தமிழ் படித்தவன். இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சையின் பின் வெல்டிங் பழகச் சென்றவன். மேசையைச் செய்யும் எண்ணம் அவனுடையது.

பிளாஸ்மா என்பதைச் சிறிது விளக்க வேண்டும். வாயுவொன்று பெருவெப்பத்தால் தன் அணுக்களினின்றும் இலத்திரன்கள் பிரியும் நிலையை எய்துமாயின் அது மின்னைக் கடத்தும், அந்நிலையே பிளாஸ்மா. மின்னலின் ஒளிக்கீற்றில் நாம் காண்பது அதனையே. வெட்டுங் கருவியில், அமுக்கப்பட்ட காற்று செப்பு முனையொன்றின் நுண்துளை வழியே பாய்கிறது. அக்காற்றினூடாக மின்வில் தகட்டைச் சென்று தொடுகிறது. ஏறத்தாழ 20,000 பாகை செல்சியசு வெப்பம் உலோகத்தை உருக்க, பாயும் காற்று உருகியதை ஊதித் தள்ளிவிடுகிறது. ஒட்சிசன்-அசற்றிலீன் சுவாலையால் வெட்ட இயலாத அலுமினியத்தையும் துருவேறா உருக்கையும் வெட்டும் பொருட்டே இம்முறை தோன்றியது. அமெரிக்காவின் யூனியன் கார்பைட் நிறுவனத்தில் பணியாற்றிய ரொபர்ட் கேஜ் என்பவர் 1957இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1984இல் போபால் நகரின் துயரத்தோடு உலகம் முழுவதும் அறியப்பட்ட அதே நிறுவனந்தான்.

கையிற் பிடித்து வெட்டும் சிறு பிளாஸ்மாக் கருவி பட்டறையில் முன்னரே இருந்தது. அதன் முனையை மனிதக் கைக்குப் பதிலாக ஒரு நகரும் பாலத்தில் ஏற்றி, கணினியில் வரைந்த கோட்டின் வழியே செல்லச் செய்வதே மேசையின் நோக்கம். பெட்டி இரும்பினால் ஒரு சட்டம். அதன் இரு ஓரங்களிலும் தண்டவாளம். அவற்றின்மீது உருளும் பாலம். படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்கள். அவற்றுக்கு ஆணையிடும் சிறு பலகை. பழைய மடிக்கணினி ஒன்று. அடியில் தீப்பொறியும் தூசும் விழுவதற்கு நீர் நிரப்பிய தட்டு. இவ்வளவே. ஆயினும் இதனை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருவதற்கு மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாகப் பல மாதங்கள் உழைத்தனர். சட்டம் சரியான செங்கோணத்தில் அமையாவிடின் வெட்டப்படும் வட்டம் முட்டை வடிவாகிவிடும். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் சமமாயின் அது செவ்வகம் என்று பாடசாலையில் மனனம் செய்த தேற்றத்தை, அளவு நாடாவால் மூலைக்கு மூலை இழுத்து அவன் பட்டறைத் தரையிற் கண்டுகொண்டான். மின்வில் பற்றும்போது எழும் மின் இரைச்சல் கட்டுப்பாட்டுப் பலகையைக் குழப்பி மோட்டார்களைத் தாறுமாறாகத் துள்ளச் செய்தது. கம்பிகளை உறையிட்டு, நிலத்தொடுப்பை ஒழுங்காக இட்ட பின்னரே அது அடங்கியது.

நமது வினாவுக்கு இன்றியமையாத செய்தி இனித்தான் வருகிறது. மேசை ஓடத் தொடங்கிய பின்னும் வெட்டு நன்றாக அமையவில்லை. வெப்பத்தால் தகடு நெளிந்து எழும்போது முனை அதில் இடித்தது. தொடங்கும் இடத்தில் கோடு பருத்துக் குழியாகியது. வெட்டுண்ட துண்டு அசைந்து உள்ளிருந்த துளைகள் இடம் மாறின. அப்போது பாஸ் அருகில் வந்து நின்று பார்த்தார். உள் துளைகளை முதலில் வெட்டி, வெளி விளிம்பை இறுதியில் வெட்ட வேண்டும் என்றார். துளையிடத் தொடங்கும் புள்ளி கோட்டின்மேல் இருத்தலாகாது, எறியப்படும் பகுதியில் தொடங்கிக் கோட்டுக்குள் நுழைய வேண்டும் என்றார். ஒரே மூலையில் தொடர்ந்து வெட்டாது தகட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு மாறி மாறிச் சென்றால் நெளிவு குறையும் என்றார். முனைக்கும் தகட்டுக்கும் இடையே தூரம் கூடும்போது வில்லின் ஓசை மாறும் என்பதும் அவர் காது அறிந்தது. தூரம் கூடினால் வில்லின் மின்னழுத்தம் கூடும் என்பதே அவ்வோசை மாற்றத்தின் விஞ்ஞானம். அவ்வழுத்தத்தை அளந்து முனையை ஏற்றியிறக்கும் சிறு சுற்றொன்றைப் பின்னர் இணைத்தனர். பல்லாண்டுகளாக உளியாலும் கிறைண்டராலும் பின்னர்க் கைக்கருவியாலும் தகடு வெட்டிய ஒருவரின் அறிவு, ஒரு மழை நாட் பிற்பகலில், கட்டளை வரிகளாக மடிக்கணினிக்குள் சென்று அமர்ந்தது.

மேசை செவ்வனே ஓடியது. முன்னர் ஒரு நாள் முழுவதும் இழுபட்ட பூவேலைத் தகடு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அடுத்த மாதம் உரிமையாளர், பொருத்து வேலை இருக்கும் நாட்களில் மட்டும் வந்தாற் போதும் என்று பாஸிடம் கூறினார். எடுபிடி இளைஞனை நிறுத்திவிட்டார். நமது மாணவன் ஒரு மாலை நம்மைத் தேடி வந்தான். “சேர், நான் செஞ்ச மேச அவுங்க சோத்துல கை வச்சிருச்சு. நான் செஞ்சது சரியா, தப்பா?” என்று கேட்டான்.

தமிழ் மன்றத்து நடுவராக இருந்து இதற்கு விடை கூற இயலாது.

முதலில் தோன்றும் விடை, செய்திருத்தலாகாது என்பது. இங்கிலாந்தில் 1811ஆம், 1812ஆம் ஆண்டுகளில் நெசவுச் சட்டங்களை உடைத்த லடைட்டுகள் இதனையே கூறினர் என்று பாடநூல்கள் எழுதும். அது முழு உண்மையன்று. நெசவாளர் எல்லாச் சட்டங்களையும் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்துத் தரங்கெட்ட துணியைப் பெருக்கிய முதலாளிகளின் சட்டங்களையே பெரும்பாலும் தேடி உடைத்தனர். 1812இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதற்கு மரண தண்டனை விதித்தது. பின்னற் பொறிக்கு அக்காலத்தில் மனித உயிரினும் விலை அதிகம். அவர்களை அறிவீனர் என்று எள்ளுவோரோடு நாம் சேரமாட்டோம். எனினும் நமது மாணவனுக்கு அவ்விடை பொருந்தாது. கிறைண்டர்த் தட்டு உடைந்து தெறித்தால் முகம் சிதையும். நாகம் பூசிய தகட்டைக் குனிந்து வெட்டியவர்கள் அதன் புகையால் இரவிற் காய்ச்சலில் நடுங்குவர். துருவேறா உருக்கின் புகையிலோ புற்றுநோயை விளைக்கக்கூடிய குரோமியச் சேர்வைகள் உள்ளன. நீர்த்தட்டுக்கு மேலே வெட்டுமுனை தானே செல்ல, மனிதன் எட்டி நிற்பது ஒரு நன்மை. பாஸின் நுரையீரலைக் காத்த பொருளை உடைத்தெறி என்று எவ்வாறு கூறுவது?

காந்தியடிகளின் விடை இன்னும் நுட்பமானது. 1924இல் ஜி. இராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரை வினவினார்; பின்னாளில் தமிழ்நாட்டில் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர் அவர். இயந்திரம் அனைத்தையுமா வெறுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, சிங்கர் தையற் பொறியைக் காந்தி விலக்காக ஏற்றார். மனைவி கண்வருந்தித் தைப்பதைக் காணப் பொறாத அன்பிலே பிறந்த பொறி அது என்பது அவர் கூறிய காரணம். (ஐசக் சிங்கரின் இல்லற வரலாற்றை அறிந்தோர் இக்கதையைக் கேட்டுப் புன்னகைப்பர். அது நிற்க.) அப்பொறிகளைச் செய்வதற்குப் பெரிய ஆலை வேண்டுமே என்று இளைஞர் விடாது தொடர, அத்தகைய ஆலைகள் அரசுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்று காந்தி ஒப்புக்கொண்டார். இவ்வுரையாடலில் நம் உள்ளத்தைத் தொடுவது காந்தியின் விடையைக் காட்டிலும் இராமச்சந்திரனின் இரண்டாம் கேள்வியே. நம் மேசைக்கும் அது பொருந்தும். சட்டத்தை இவர்கள் செய்தனர். மோட்டாரும் பலகையும் சீனத்திலிருந்து வந்தன. இரும்பும் கடல் கடந்து வந்ததே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அப்படி ஒரு காலம் மீண்டும் வந்தால் உளியும் சுத்தியலும் உடையவனே வேலை செய்வான். மேசை துணி போர்த்திக் கிடக்கும். வீட்டிற் செய்தது என்பதால் மட்டும் ஒன்று நம்முடையதாகிவிடாது.

மூன்றாவது விடை, முன்னேற்றத்தை நம்புவோர் கூறுவது: ஓரிடத்தில் போகும் வேலை வேறோரிடத்தில் பிறக்கும். நூறாண்டுக் கணக்கில் அது மெய்யாக இருக்கலாம். பாஸின் அடுப்பு நாட்கணக்கில் எரிவது.

இவ்விடத்தில் அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட ‘உற்பத்திச் சக்திகள்’ என்னும் நூல் நமக்குப் பெரிதும் துணையாகிறது. இலக்கங்களால் இயங்கும் கடைசல் பொறிகள் எவ்வாறு தோன்றின என்பதே அந்நூலின் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரு வழிகள் திறந்திருந்தன. ஒன்று, ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1940களின் பிற்பகுதியில் உருவான பதிவு முறை. தேர்ந்த தொழிலாளி ஒருவர் முதற் பொருளைத் தம் கையாற் செய்வார். பொறியின் அசைவுகள் காந்த நாடாவிற் பதியப்படும். பின்னர் நாடாவை ஓடவிட்டால் பொறி அவ்வசைவுகளை மீண்டும் செய்யும். மற்றையது, ஜோன் பார்சன்சின் எண்ணத்திலிருந்து கிளைத்து, அமெரிக்க விமானப் படையின் பணத்தில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் வளர்த்து, 1952இல் காட்சிக்கு வைத்த இலக்க முறை. இதிலே அசைவுகளை அலுவலகத்தில் அமர்ந்த பொறியியலாளர் கணக்கிட்டு எழுதுவார். பட்டறையில் நிற்பவர் பொத்தானை அழுத்துவார்.

வென்றது இரண்டாவது முறை. விமானத்தின் சிக்கலான வளைவுகளைக் கையாற் செய்து பதிவது அரிது என்பது ஒரு காரணம், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நோபிள் காட்டும் இன்னொரு காரணமும் உண்டு. பதிவு முறையில் அறிவு தொழிலாளியின் கையிலேயே தங்கியது. நாடாவைச் செய்பவரும் அவரே. நிர்வாகம் விரும்பியது அதனையன்று. சிந்தனை மேல்மாடிக்கும் அசைவு கீழ்த்தளத்துக்கும் பிரிக்கப்படுதலே அதற்கு வேண்டியிருந்தது. நோபிளின் கருத்தை மறுத்தோரும் உளர். எனினும் பொறியின் அமைப்பே ஓர் அதிகார ஒழுங்கைத் தன்னுள் கொண்டிருக்கக்கூடும் என்று அவர் நிலைநாட்டியதை எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

மாத்தளைப் பட்டறையில் நிகழ்ந்ததை இவ்வொளியிற் பார்ப்போம். மேல்மாடியும் கீழ்த்தளமுமாகப் பிரிக்கப்பட்டவை ஒரு தொழிலாளியின் இரு கைகளில் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. வரைந்தவனும் அவனே, வெல்டிங் செய்தவனும் அவனே, கட்டளை எழுதியவனும் அவனே. தாய் இறப்பர்ப் பால் சேகரித்துச் சென்று கொட்டும் தொழிற்சாலையின் பொறியைத் தொடவும் உரிமையற்ற குடும்பத்திலிருந்து வந்தவன், தன் பொறியைத் திறந்து பழுதுபார்க்கிறான். இதனைச் சிறிய செய்தி என்று நாம் கருதவில்லை. இதற்கு வழிவகுத்தவை விலையின்றிப் பகிரப்பட்ட அறிவுகள். மோட்டார்களுக்கு ஆணையிடும் ‘ஜீ.ஆர்.பீ.எல்.’ என்னும் கட்டற்ற மென்பொருள் 2009இல் நோர்வே நாட்டவர் சிமென் ஸ்கொக்ஸ்ருட் எழுதி உலகுக்கு அளித்தது. அது ஓடும் ‘ஆர்டுயினோ’ப் பலகை 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றியது, எவரும் அதன் வரைபடத்தைப் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

ஆனால் இங்கும் ஒரு மறதி உண்டு. ஆர்டுயினோ எழுந்தது, அதே இவ்ரேயாவில் எர்னாண்டோ பர்ராகான் என்ற கொலம்பிய மாணவர் தம் பட்டமேற்படிப்புக்காகச் செய்த ‘வயரிங்’ என்னும் படைப்பின்மீது. ஆர்டுயினோவின் புகழ் உலகெங்கும் பரவியபோது அவர் பெயர் உடன் செல்லவில்லை. 2016இல் அவரே அவ்வரலாற்றை எழுதி வெளியிட நேர்ந்தது. பூட்டற்ற களஞ்சியத்திலும் நெல்லை விதைத்தவன் பெயர் தொலையக்கூடும்.

நம் மாவட்டத்து மண்ணே இம்மறதிக்குப் பழைய சான்று. சிகிரியாவுக்கு அண்மையில் அலகொலவெவவை அடுத்த தெஹிகஹ-அல-கந்தவில் 1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த அகழ்வு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பெரும் இரும்புருக்கு உலைகளை வெளிக்கொணர்ந்தது. காசியப்பன் 477இல் அரியணை ஏறுமுன்னரே அங்கு இரும்பு விளைந்தது. காசியப்பனின் பெயரை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். உலையின் வாயில் நின்று நெருப்பின் நிறத்தைக் கண்டு பதம் அறிந்தவர்களில் ஒருவரின் பெயரையேனும் எவரும் அறியார். உலைத்தொழில் இந்நாட்டில் அருகி மறையும் தறுவாயில் அதனை நேரிற் கண்டு எழுதியவர் ஆனந்த குமாரசாமி. அவரது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ 1908இல், ஒருகாலத்தில் வில்லியம் மொரிசுக்கு உரியதாயிருந்த கை அச்சுப்பொறியில் அச்சாயிற்று. அந்நூலுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும் அவர் விரும்பிய அப்பழைய உலகில் அறிவு பிறப்பினாற் பூட்டப்பட்டிருந்தது. கொல்லன் மகனுக்கே உலை திறந்தது. அவனும் 1832 வரை இராசகாரியத்தின் பேரில் அரசுக்கு உழைக்கக் கடமைப்பட்டிருந்தான். லயத்திற் பிறந்த சிறுவனை அவ்வுலைக்குள் எவர் விட்டிருப்பர்? அக்காலத்துக்கு மீள வேண்டும் என்று ஏங்குவது நம் மாணவனுக்கு இழைக்கும் துரோகம்.

அவனுக்கு நாம் கூறிய விடையை இனி எழுதலாம். மேசையைச் செய்தது பிழையன்று. ஆனால் அம்மேசை அவனும் உரிமையாளரும் மட்டும் செய்ததன்று. உள் துளை முதலில், வெளி விளிம்பு இறுதியில் என்ற வரி எவருடைய வாயிலிருந்து வந்தது? தகடு வாங்கப் பணம் தந்தவருக்குப் பங்குண்டு. இரவெல்லாம் கண்விழித்தவனுக்குப் பங்குண்டு. அறிவைத் தந்தவருக்கு மட்டும் ஏன் நன்றியும் தேநீரும்? சரசுவதி பூசையன்று மேசைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கும்பிட்ட பட்டறை, அம்மேசைக்குள் இருக்கும் மனிதரை வீட்டுக்கு அனுப்பியது. பாஸுக்கு வேலை கொடுப்பது இரக்கம் என்று எண்ணும்வரை இவ்வழக்கு விளங்காது. பொறி மிச்சப்படுத்திய நேரத்தில் அவருக்குச் சேரவேண்டியது கடன். இரக்கத்தை எப்போதும் நிறுத்தலாம், கடனை அவ்வாறு நிறுத்த இயலாது. கட்டளை எழுதிய கைக்கு மட்டுமே அது எவரிடமிருந்து பெற்ற கட்டளை என்பது தெரியும். ஆகையால் அதனை உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு மேசையைச் செய்தவனுக்கே உரியது.

உரிமையாளர் கொடியவர் அல்லர் என்பதையும் கூறவேண்டும். தகட்டின் விலை ஏறியதும் வங்கிக் கடனின் வட்டி ஏறியதும் அவரை வாட்டின. கொழும்பிலிருந்து வெட்டி வரும் ஆயத்த யன்னல்களோடு அவர் போட்டியிட வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரன் மேசையின் வரைபடத்தைப் பெற்றுச் செய்துகொண்டால் தமக்கு என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டார். அவர் நிலையில் நியாயமான கேள்வி. தமக்கு வந்த மென்பொருளை அதனைச் செய்தவர் அவ்வாறு கேட்டிருந்தால் இம்மேசையே இல்லை என்று மாணவன் கூறியிருக்கிறான். அவருக்கு அது பிடிக்கவில்லை. நீண்ட பேச்சுக்குப் பின், மேசையில் வெட்டப்படும் ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு தொகை பாஸுக்கு எனத் தீர்மானமாயிற்று. பாஸ் இப்போது மடிக்கணினியின் முன் அமர்ந்து, சிங்களத்தில் எழுதிய குறிப்பொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெட்டும் ஒழுங்கைத் தாமே மாற்றியமைக்கிறார். வரைபடம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

நிறுத்தப்பட்ட இளைஞனுக்கு இவ்வேற்பாட்டில் இடமில்லை. அவன் மேசைக்கு எதனையும் கற்பிக்கவில்லை. கற்பிக்கும் அளவுக்கு அவனுக்கு எவரும் கற்பித்திருக்கவுமில்லை. நாம் கூறிய நியாயத்தின் எல்லை அவ்விடத்தில் தெரிகிறது. தந்த அறிவுக்கு ஈடு கேட்பது, எதுவும் கற்க வாய்ப்புப் பெறாதவனைக் காப்பதில்லை. அவன் கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டான். அங்கு துணி வெட்டும் பொறியும் இலக்கங்களால் ஓடுவதே என்றும், அதன் பெட்டியைத் திறக்க எவரையும் விடுவதில்லை என்றும் தொலைபேசியிற் சொன்னானாம். மேசையின் வரைபடம் ஒன்றைத் தனக்கும் அனுப்பும்படி கேட்டிருக்கிறான்.